இருவர் தட்டிய வரி

செம்மேடு
6 மார்ச் 2000

மேனகா,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே நீ பதறியிருப்பாய். நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேசக் கூடாது, எழுதக் கூடாது என்று சென்னையில் பயிற்சி முடிந்த அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அதை நான் மறக்கவில்லை. மறக்காமல்தான் எழுதுகிறேன், எனக்கு வேறு வழியில்லை.

சசிதரன் சார் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினாரே, நினைவிருக்கிறதா? ஒரே சுவடியின் ஜெராக்ஸ் உனக்கும் வரும், எனக்கும் வரும். நீ சேந்தமங்கலத்தில் தட்டுவாய், நான் மலைமேல் செம்மேட்டில் தட்டுவேன். இரண்டு பேருடைய பிளாப்பியும் சென்னைக்குப் போனதும் கணிப்பொறி வரிக்கு வரி ஒப்பிடும். ஒத்துப்போன வரி நேராக உள்ளே போய்விடும், அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒத்துப்போகாதது மட்டும் சிவப்பாகி அவர் மேசைக்கு வரும். பழந்தமிழை அழியாமல் கணிப்பொறிக்குள் ஏற்ற இதைவிட நல்ல வழி கிடையாது என்றார். இரண்டு பேர் பக்கமும் கரண்ட் இருந்தால் நல்ல வழிதான்.

இங்கே மழை தூறினாலே கரண்ட் போய்விடும். போன கரண்ட் எப்போது வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது. ஈரத்தில் பிளாப்பிக்குப் பூஞ்சை பிடிக்கிறது. வறுத்த அரிசி போட்ட டப்பாவுக்குள் வைத்துப் பார்க்கிறேன், அப்படியும் சிலது திறக்க மறுக்கிறது. உனக்கு முதல் ஜெராக்ஸ், எனக்கு அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ் என்று நினைக்கிறேன். பாதி எழுத்து சாம்பலாக இருக்கிறது. தெரியாத இடத்தில் புள்ளி வை, ஊகிக்காதே என்பதுதானே கட்டளை? வைத்தேன். நான் புள்ளி வைத்த இடத்தில் எல்லாம் நீ எழுத்தைத் தட்டியிருக்கிறாய். எல்லாம் சிவப்பு. அடுத்த ஜெராக்ஸ் கட்டும் இப்படியே வந்தால் சேலத்தில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக சார் எழுதிவிட்டார்.

இந்த வேலை போனால் திருப்பூர்தான். அப்பா பனியன் கம்பெனியில் சொல்லியே வைத்துவிட்டார். எங்கள் பைல் நாட்டு மலை ஊர்களிலிருந்து ஏற்கெனவே ஒரு வேன் நிறையப் பெண்கள் போயிருக்கிறார்கள். நான் எம்.ஏ. தமிழ் படித்தது பொத்தானுக்குக் காஜா எடுக்கவா? நாளெல்லாம் பழைய பாட்டோடு உட்கார்ந்திருக்கச் சம்பளமும் தருகிற வேலை எனக்கு இனி எங்கே கிடைக்கும், சொல்.

பின்னால் ஒரு தாளில் அடுத்த கட்டில் எனக்குத் தெரியாத இடங்களை எழுதியிருக்கிறேன். உன் தாளில் தெரிவதை மட்டும் எழுதி அனுப்பு. வேறொன்றும் கேட்கவில்லை.

தேன்மொழி


சேந்தமங்கலம்
13 மார்ச் 2000

அடியே தேன்மொழி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருக்கிறவள் இப்படி ஒரு கடிதம் எழுத மாட்டாள்.

நீ கேட்பதற்கு ஹாஸ்டலில் ஒரு பெயர் இருந்தது, பிட் அடிப்பது. மூன்றாம் செமஸ்டரில் நீ என் பேப்பரை எட்டிப் பார்த்தபோது நான் கையால் மறைத்ததற்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் நீ. இப்போது தபாலில் எட்டிப் பார்க்கிறாய்.

சசிதரன் சார் ஏன் அந்த விதியைப் போட்டார் என்று யோசித்தாயா? ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்ய மாட்டார்கள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அந்த மிஷினே ஓடுகிறது. நாம் பேசிக்கொண்டால் நம் தப்பும் ஒன்றாகிவிடும். ஒன்றான தப்பைப் பிடிக்க உலகத்தில் ஆளே கிடையாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நீ கேட்ட எழுத்துகளைப் பின்னால் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் எழுதினேன். உனக்காக என்று மிதக்காதே. நீ போய்விட்டால் சேலத்திலிருந்து ஒரு கத்துக்குட்டி வருவான், அவன் தப்பையும் சேர்த்து எனக்குத்தான் சிவப்பு விழும்.

இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. அப்பா காரவள்ளித் தோட்டத்துக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டதை மீறுகிறவளை அவர் வீட்டுக்குள் விட மாட்டார்.

மேனகா


செம்மேடு
2 ஏப்ரல் 2000

மேனகா,

இந்தக் கட்டில் எனக்குச் சிவப்பு அனேகமாக இல்லை. சார் பாராட்டி எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தைப் படித்தபோது சந்தோஷமாக இல்லை, கூச்சமாக இருந்தது. ஆனாலும் திருப்பூர் வேன் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அதற்கு உனக்குக் கோடி கும்பிடு.

இப்போது எழுதுவது வேறு விஷயம். கடைசிக் கட்டில் அந்தக் கையறுநிலைப் பாட்டைப் பார்த்தாயா? போரில் செத்த மகனின் நடுகல்லுக்கு முன்னால் தாய் நிற்கிறாள், மழை வருகிறது. 'நடுகல் நனைக்கும் நாட்பெயல் நோக்கி' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு இரண்டு வரி முழுக்க மைக்கறை. அப்புறம் 'தாயவள் மொழிந்தசொல் கேட்டிசின் யானே' என்று முடிகிறது. அவள் என்ன மொழிந்தாள் என்பதுதான் பாட்டே. அது மட்டும் இல்லை. உன் தாளிலும் கறைதானே?

மேனகா, அந்த இரண்டு வரி எனக்குத் தெரியும்.

எங்கள் நாட்டில் சாமைக்குக் களை எடுக்கும்போது பெண்கள் பாடுவார்கள். மழை பிடித்தால் கட்டாயம் பாடுவது ஒன்று உண்டு. 'மெல்லப் பேயி மழையே, மெல்லப் பேயி, மண்ணுக்குள்ள ஏஞ்சாமி தூங்குறான்.' நான் பேச்சு வந்த நாளிலிருந்து கேட்கிறேன். யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது, எப்போதும் இருப்பது. செத்த மகன், மண், மழை, தாய், எல்லாமே இருக்கிறது. ஓலையில் கறை பட்டது எங்கள் பெண்கள் வாயில் கறை படாமல் இருந்திருக்கிறது.

அதைப் பழைய நடைக்குத் திருப்பிப் பார்த்தேன்:

மெல்லப் பெய்ம்மதி மழையே மண்ணகத்து
என்மகன் உறங்கும் இடமிஃ தெனவே

மேலே கீழே ஓட்டிப் பார், அப்படியே உட்காருகிறது. நான் ஒருத்தி மட்டும் தட்டினால் சிவப்பாகும், சார் தூக்கி எறிந்துவிட்டுப் புள்ளி வைப்பார். நீயும் தட்டினால் பாட்டு பிழைத்துக்கொள்ளும். ஊகிக்காதே என்றுதானே சொன்னார்கள்? இது ஊகம் இல்லை, இன்னொரு சாட்சி. உன் காலில் விழுகிறேன். அந்தத் தாயை வாயில்லாமல் நிறுத்தாதே.

தேன்மொழி


சேந்தமங்கலம்
9 ஏப்ரல் 2000

தேன்மொழி,

முடியாது.

எழுத்து தெரியவில்லை என்று என்னிடம் கேட்டாய், தெரிந்ததைச் சொன்னேன். அது ஒரு தப்பு, அதோடு நிற்க வேண்டும். இது தெரியாத இடத்தில் எழுதுவது. உன் மலையில் பாடுவதும் சுவடியில் இருந்ததும் ஒன்றுதான் என்று உனக்கு யார் சொன்னது? மழையும் மகனும் எந்த ஊரில் இல்லை? அப்படிச் சாட்சி இருக்கிறதென்றால் சாருக்கு நேராக எழுது. அடிக்குறிப்பில் போடட்டும். உன் பெயரையே போடட்டும்.

பிறகு எழுதுவது, 11 ஏப்ரல்.

மேலே உள்ளதை எழுதிவிட்டுத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். இரண்டு நாளாக அந்த வரி மண்டைக்குள்ளேயே ஓடுகிறது. நேற்று அம்மா சோறு போடக் கூப்பிட்டது காதில் விழவில்லை, மெல்லப் பெய்ம்மதி மழையே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேனாம். புள்ளி வைத்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்தப் பொம்பளை வாயைத் திறந்துகொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது.

தட்டிவிட்டேன். பிளாப்பி இன்று காலை போய்விட்டது. நீ சொன்னபடி ஒற்று உட்பட அப்படியே. சாருக்கு எழுதினால் அவர் ஏற்க மாட்டார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனி எழுதாதே. எழுதினால் நான் படிப்பேன், படித்தால் செய்துவிடுவேன் என்று எனக்கே என்மேல் பயமாக இருக்கிறது.

மேனகா


சேந்தமங்கலம்
18 ஜனவரி 2001

தேன்மொழி,

எழுதாதே என்று சொன்னவளே எழுதுகிறேன். நீ சிரித்துக்கொள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சி.டி. வந்துவிட்டது, உனக்கும் ஒன்று வந்திருக்கும். இணையத்திலும் ஏற்றிவிட்டார்களாம். நாமக்கல்லில் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தேன். நம் பாட்டு முகப்பிலேயே இருக்கிறது, அதைச் சுவடியில் இருந்த பாட்டு என்று சொல்ல இப்போது வாய் கூசுகிறது. முகப்பில் வைக்க அவர்கள் தேர்ந்தெடுத்தது எதை என்று நினைக்கிறாய்? அந்த இரண்டு வரியைத்தான். சென்னையில் ஒரு பேராசிரியர் அதைப் பற்றிப் பத்திரிகையில் நீளமாக எழுதியிருக்கிறார். இதுவரை கிடைத்த கையறுநிலையிலேயே உயர்ந்த வரி என்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நடை என்று இலக்கணம் காட்டி நிறுவுகிறார். கட்டுரையை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன்.

சரி, உன் சாட்சி உண்மையாகவே இருக்கலாம், என்றைக்காவது யாராவது மூலத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்லட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு சாருக்கு ஒரு போன் போட்டேன். சும்மா கேட்பது போல, சுவடி இப்போது எங்கே என்று கேட்டேன். ஜெராக்ஸ் எடுத்ததும் உரியவர்கள் வாங்கிக்கொண்டு போனார்களாம். படம் எடுத்தாகிவிட்டது, கணிப்பொறியிலும் ஏறப் போகிறது, இனி எதற்கு வீட்டில் பூச்சி அரிக்க வைத்திருக்க வேண்டும் என்று போன ஆடிப்பெருக்கு அன்று மஞ்சள் குங்குமம் வைத்துக் காவிரியில் விட்டுவிட்டார்களாம். முறைப்படி செய்தார்கள் என்று சார் சொன்னார். அவர் குரலிலும் உயிர் இல்லை.

ஆக, மூலம் இல்லை. ஜெராக்ஸில் கறை. இந்த உலகத்தில் அந்த நூலுக்கு இருக்கிற ஒரே ஆதாரம் நீயும் நானும் தட்டியது. இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அந்த வரி உன் மலையில் பழசாகவே பாடப்படுவது என்று உனக்கு நிச்சயம்தானே? நிச்சயம் என்று ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

மேனகா


செம்மேடு
4 பிப்ரவரி 2001

மேனகா,

உனக்கு நிச்சயம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அம்மாவுக்கு அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டலாம் என்று தோன்றியது. எங்கள் பாட்டு பத்திரிகையில் வந்திருக்கிறது, அம்மா சந்தோஷப்படட்டும் என்றுதான் படித்தேன். அப்படித் தோன்றாமலே இருந்திருக்கலாம்.

அம்மா மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஆயிரம் வருஷம் என்று நான் படித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். எந்தப் பாட்டு என்று கேட்டாள். பாடிக் காட்டினேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அது நாங் கட்டுனது கண்ணு."

நான் நம்பவில்லை. நீ பாடுவாய், எல்லாரும் பாடுவார்கள், நீ கட்டினாய் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். எனக்கு முன்னால் அவளுக்கு ஒரு பையன் இருந்திருக்கிறான், மேனகா. எனக்கு ஓர் அண்ணன். பெயர் ராசப்பன். ஓடி விளையாடுகிற வயது. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, மலைப் பாதையில் மண் சரிந்து பஸ் வராமல், அப்பா தோளில் தூக்கிக்கொண்டு அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும்போது பாதி வழியில் போய்விட்டான். திரும்பத் தூக்கி வந்து எங்கள் சாமைக் காட்டு ஓரத்தில் புதைத்தார்கள். மழை விடவில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் அம்மா அங்கேயே உட்கார்ந்து மழையிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். மெல்லப் பேயி மழையே, மண்ணுக்குள்ள ஏஞ்சாமி ராசப்பன் தூங்குறான்.

அடுத்த வருஷம் களை எடுக்கும்போது மழை பிடித்ததும் அதையே பாடினாள். மற்றப் பெண்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள், ராசப்பன் பெயரோடுதான். அப்புறம் நான் பிறந்தேன். போனவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால் இருக்கிறதையும் அவன் கூப்பிட்டுக்கொள்வான் என்று பயம். வீட்டில் பெயரை எடுக்கவில்லை. காட்டிலும் பெண்கள் பெயரை விட்டுவிட்டுப் பாடினார்கள். நான் பிழைக்க வேண்டும் என்று. பேச்சு வந்த நாளிலிருந்து கேட்கிறேன் என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, நான் கேட்டது பெயரை விட்ட அந்தப் பாட்டை.

இதற்கு மேல் நடந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா அழவில்லை. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பொட்டிக்குள் போட்டால் அழியாது என்று நீ சொல்வாயே, அது நிஜமா என்று கேட்டாள். நிஜம் என்றேன். அப்படியென்றால் ராசப்பனும் அழிய மாட்டான் என்றாள். அடுத்த நாள் என்னோடு பஸ் ஏறி செம்மேட்டுக்கு, நான் தட்டுகிற இடத்துக்கு வந்தாள். மனு கொடுக்க வருகிறவள் மாதிரி புடவை மாற்றிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வரியைக் காட்டினேன். படிக்கச் சொன்னாள், படித்தேன்.

"அவம் பேரு எங்க சாமி?"

பெயர் இல்லை என்றேன். தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து கோழிக்குத் தவிடு போட்டாள்.

நான் என்ன செய்வேன், மேனகா? என்ன செய்வேன் சொல்.

தேன்மொழி


சேந்தமங்கலம்
10 பிப்ரவரி 2001

தேன்மொழி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கப்புறம் எழுதுவதெல்லாம் உனக்குக் கசக்கும்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, புள்ள. ஒரே வீட்டில் படுத்து எழுந்திருக்கிறாய். யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது என்று எனக்கு எழுதுவதற்கு முன்னால் கிழங்கு சீவுகிறவளைத் திரும்பிப் பார்த்து, இது யார் பாட்டும்மா என்று கேட்க உனக்குத் தோன்றவில்லை. எனக்கும் உன்னைக் கேட்கத் தோன்றவில்லை. எம்.ஏ. படித்த இரண்டு பேருக்கும் அது யாரோ ஒருத்தர் கட்டியதாக இருக்கும் என்றே தோன்றவில்லை.

போதும். நான் சென்னைக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டுப் புள்ளி வைக்கச் சொல்லப் போகிறேன். வேலை போகும், போகட்டும். பொய்யை உள்ளே வைத்துவிட்டு அழியாது, அழியாது என்று சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியாது. அழியாமல் இருப்பதுதானே இப்போது பயமே.

மேனகா


செம்மேடு
16 பிப்ரவரி 2001

மேனகா,

போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன், போகாதே.

நாம் பேசிக்கொண்டோம் என்று தெரிந்தால் இரண்டு வரியோடு நிற்காது. அந்த நூலில் ஒத்துப்போன ஒவ்வொரு வரியையும் சந்தேகப்படுவார்கள். நாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உண்மையாகப் படித்த நானூறு பாட்டும் போய்விடும். சரிபார்க்க மூலம் ஆற்றோடு போயாயிற்று. ஒரு பொய்க்காக ஒரு முழு நூலைக் கொன்றுவிடுவாய்.

அது கூட இல்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? நூல் போனால் போகட்டும். அம்மாவுக்கு ஒரு போட்டோ கிடையாது, ஒரு சட்டை கிடையாது. புதைத்த இடத்தில் வைத்த கல்லையும் ரோடு போடுகிறவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அவன் இருந்தான் என்பதற்கு உலகத்தில் அந்த இரண்டு வரிதான் இருக்கிறது. பெயர் இல்லாவிட்டாலும் அது அவன்தான். அதை எடுத்துவிட்டுப் புள்ளி வைக்கச் சொல்லப் போகிறாயா? ஒரு தடவை புதைத்தது போதாதா?

நீ போனால் இனி நான் உனக்கு எழுத மாட்டேன்.

தேன்மொழி


சேந்தமங்கலம்
12 மார்ச் 2001

தேன்மொழி,

போய்விட்டு வந்தேன். நீ எழுத மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

சசிதரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். பிறகு போன் செய்து அந்தப் பேராசிரியரை வரவழைத்தார். நல்ல மனுஷர்தான், எனக்குக் காபி வாங்கிக் கொடுக்கச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் சிரித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து இந்த வரியை எழுதிட முடியும்னா, நான் முப்பது வருஷமா என்னம்மா படிச்சேன்?"

அவர் நம்பவில்லை, தேன்மொழி. பேசிக்கொண்டதை நம்பினார், எழுதியதை நம்பவில்லை. கறைக்கு அடியில் கொஞ்சம் தெரிந்திருக்கும், அதை நீங்கள் படித்திருப்பீர்கள், பயத்தில் நாங்களே எழுதினோம் என்று நினைத்துக்கொள்கிறீர்கள் என்றார். நான் உன் அம்மாவைச் சொன்னேன். ராசப்பனைச் சொன்னேன், காய்ச்சலை, மழையை, காட்டு ஓரத்தை எல்லாம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். வருத்தத்தில் இல்லை, சந்தோஷத்தில். அப்படியானால் அந்த வரி ஆயிரம் வருஷமாக மலையில் வாய்வழியாகப் பிழைத்திருக்கிறது, இதைவிட நல்ல செய்தி வேறு உண்டா என்றார். படிக்காத பெண்கள் காலங்காலமாக வருகிற பாட்டைத் தன் துக்கத்துக்குப் பாடிவிட்டுத் தானே கட்டியதாக நினைப்பது வழக்கம்தான் என்றார். நான் கத்தினேன். காபி டம்ளர் சாய்ந்து அவர் கட்டுரையின் மேல் கொட்டியது. அதற்கும் கோபப்படவில்லை.

ஆக, வரி அப்படியே இருக்கும். நானூறு பாட்டும் இருக்கும். நீ கேட்டது கிடைத்துவிட்டது. விதியை மீறியதற்காக நம் இரண்டு பேரையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், உனக்கும் கடிதம் வரும். அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் போனேன். நான் போய்ச் சொன்னதால்தான் அது இப்போது அசைக்க முடியாதபடி உண்மையாகிவிட்டது. மலைக்கு ஆள் அனுப்பிப் பாட்டைப் பதிவு செய்யப் போகிறார்களாம். உன் வீட்டு வாசலுக்கு அவர்களை நான்தான் கூட்டி வருகிறேன். என்னை மன்னிக்க வேண்டாம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வை.

மேனகா


பைல் நாடு
2 செப்டம்பர் 2001

மேனகா,

ஆறு மாதமாக உன்மேல் கோபமாக இருந்தேன். திருப்பூர் போய் இரண்டு மாதம் காஜா எடுத்தேன், அங்கேயும் கோபமாகவே எடுத்தேன். களை எடுப்புக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அந்தக் கோபம் இப்போது எங்கே போனது என்று தெரியவில்லை. உன்னைத் தவிர இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

அவர்கள் போன வாரம் வந்தார்கள். பேராசிரியர் வரவில்லை, அவர் மாணவர்கள் இரண்டு பேர். மரியாதையான பிள்ளைகள். கீழே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்கினார்கள். சின்ன ரெக்கார்டர், அதற்கு ஒரு மைக். மழை தூறிக்கொண்டிருந்தது, அதுவும் பதிவில் கேட்டால் நன்றாக இருக்கும் என்று குடையை மடக்கிக்கொண்டார்கள். அம்மாவைக் களை எடுப்பை நிறுத்திவிட்டு மைக்குக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். அம்மா உட்காரவில்லை. நின்றுகொண்டே பாடுகிறேன் என்றாள்.

நான் வரப்பில் நின்றேன். அவர்களிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தொண்டைவரை வந்தது. நீ சொன்னபோது என்ன ஆனது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா பாடினாள். மெல்லப் பேயி மழையே, மெல்லப் பேயி, மண்ணுக்குள்ள ஏஞ்சாமி ராசப்பன் தூங்குறான். பெயரோடு பாடினாள், மேனகா. நான் பிறந்த பிறகு முதல் தடவையாக வாய் விட்டுப் பெயரோடு பாடினாள். கூட இருந்த பெண்கள் களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். அத்தாயி அத்தை முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பாடி முடித்ததும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன் தாளைப் பார்த்தான், இன்னொருவன் காதில் ஏதோ சொன்னான். பிறகு என்னிடம் வந்து பணிவாகத்தான் கேட்டான். சுவடியில் பெயர் இல்லை, பெயர் பிற்காலத்து இடைச்செருகல், அதை விட்டுவிட்டு மூலத்தில் இருக்கிறபடி ஒரு தடவை பாடச் சொல்லுங்கள் அக்கா என்றான்.

நான் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குக் காது கேட்கும். அவர்களைப் பார்த்துக் கேட்டாள்.

"பேரை உட்டுட்டா அதுல என்னங்க இருக்குது?"

ஒரே ஒரு தடவை பாடுங்கம்மா என்றார்கள். சரிங்க என்றாள். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அதே ராகம், அதே இழுப்பு. மழையை விட்டாள், மண்ணை விட்டாள், தூக்கத்தை விட்டாள். ராசப்பா என்றாள். அந்த இரண்டு வரியின் நீளத்துக்கும் ராசப்பா, ராசப்பா, ராசப்பா என்று மட்டும் பாடினாள். முடியும் இடம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ரெக்கார்டரை நிறுத்திவிட்டார்கள். அம்மா நிறுத்தவில்லை.

தேன்மொழி